மணலில் மடக்கிய குடை

தோட்ட ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி ராஜசேகரனுக்கு முன்னால் யாரும் குடை விரிப்பதில்லை. மலாயாவில், கோத்தா திங்கிக்கு அப்பாலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் இதை எவரும் எழுதி ஒட்டவில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை. ஆபீஸ் படியில் அவருடைய தலை தெரிந்ததுமே, கொட்டுகிற மழையிலும் குடைகள் மடங்கிவிடும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார் ஓசை கேட்டால் அவருடைய குடையும் அதே வேகத்தில் மடங்கும். மேலிருந்து கீழாக இப்படி மடங்கி மடங்கி, கையில் குடை இருக்கத் தோட்டமே நனைந்துகொண்டிருந்தது.

"மழைக்கா குடை வாங்குறீங்க, மரியாதைக்கா?" என்று தனலெட்சுமி கல்யாணமாகி வந்த புதிதில் கணவனிடம் கேட்டாள். தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியாரான சதாசிவம் ஜன்னலைச் சாத்திவிட்டு, "மெதுவாப் பேசு, தனம்" என்றான். அன்றிலிருந்து அவள் மெதுவாகத்தான் பேசினாள். மெதுவாக நினைப்பதற்கு மட்டும் அவளால் பழகிக்கொள்ள முடியவில்லை.

துரை விடுமுறைக்கு ஆஸ்திரேலியா போய், ஒரு கூட்டத்தோடு சேர்ந்து பாலைவனத்தில் கூடாரமடித்துச் சுற்றிவிட்டு வந்திருந்தார். வெள்ளைத் துணியில் விளக்கொளி பாய்ச்சி, ஒட்டகங்களையும் மணல்மேடுகளையும் ஆபீஸ்காரர்களுக்குப் படமாகக் காட்டினார். மற்றவர்கள் பார்த்துவிட்டு மறந்தார்கள். ராஜசேகரன் மறக்கவில்லை. துரை செய்ததைத் தாமும் செய்யாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஜொகூரில் ஒட்டகத்துக்கு எங்கே போவது? பாலைவனத்துக்குத்தான் எங்கே போவது? ஆனால் செடிலிக்கு வடக்கே, கடலோரமாக, இடுப்பளவுப் புதரைத் தவிர வேறெதுவும் முளைக்காத வெண்மணல் வெளி ஒன்று கிடந்தது.

"நமக்கும் ஒரு பாலைவனம் இருக்கு!" என்று அவர் அறிவித்தார். 'ஸ்டாஃப் கேம்பிங் டூர்' என்று பெயரும் வைத்தார். சுமை தூக்கும் ஒட்டகத்தின் வேலை கூலிக்காரர்களின் லயத்திலிருந்து வந்த வீரமுத்துவுக்குக் கிடைத்தது. சமையல் தனலெட்சுமிக்கு வந்து சேர்ந்தது. அவளைக் கேட்பதற்கு முன்பே சதாசிவம் சரியென்று தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

தலையாட்டாமல் இருக்கவும் அவனால் முடியாதுதான். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டங்கள் ஆட்களைக் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தன. வேலை போனவர்களால் நாகப்பட்டினத்துக்குப் போகும் கப்பல்கள் நிரம்பி வழிந்தன. அடுத்துப் போவது வாத்தியார்தான் என்று ஒரு பேச்சு உலவியது. யார் இருக்கலாம், யார் போகலாம் என்று துரையின் காதில் போடுகிறவர் ராஜசேகரன். அதனால்தான் மலேரியா ஜுரத்தில் கிடந்து எழுந்து, கால்கூட இன்னும் சரியாக ஊன்றாத அந்த மனிதன் இன்று மணலில் நடந்துகொண்டிருந்தான்.

முன்னால் ராஜசேகரன் போனார். காக்கி அரைக்கால் சட்டை, மேலே கோட்டு, முழங்கால் வரை காலுறை, தலையில் தொப்பி, தொப்பிக்கு மேல் குடை. சூரியன் ஒன்றுதான், அதற்கு இத்தனை காவல். அவருக்குப் பின்னால் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் அமலநாதன், கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி நடந்தான். அடுத்து சதாசிவம், அவனை ஒட்டித் தனலெட்சுமி. ஆண்கள் இருவரின் கக்கத்திலும் செத்த காக்கைகளைப் போலக் கறுப்புக் குடைகள் இடுக்கப்பட்டிருந்தன.

ராஜசேகரன் திசைகாட்டியை வெளியே எடுத்து நெடுநேரம் ஆராய்ந்தார். "வடக்கே போறோம்" என்றார்.

"எப்படித்தான் கண்டுபிடிக்கிறீங்களோ, ஐயா!" என்று அமலநாதன் வியந்தான்.

வலப்பக்கம் கடல் இரைந்துகொண்டிருந்தது. கண் தெரியாதவன்கூடச் சொல்லக்கூடிய வடக்கு அது. தனலெட்சுமி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

கடைசியாக வந்த வீரமுத்துவின் தலையில் கூடாரம் பெரிய பந்தல் போல உட்கார்ந்திருந்தது. "ஐயா குடைக்கு அடுத்தபடியா நெழலு எனக்குத்தாம்மா. இது சொமையாச்சே, மடக்கச் சொல்ல முடியாதுல்ல?" என்று அவள் காதுபடச் சொல்லிச் சிரித்தான். சுமப்பவனுக்கு நிழல், சும்மா வருகிறவனுக்கு வெயில். இந்தக் கூட்டத்துக்கு இதுவும் வேண்டும் இன்னமும் வேண்டும் என்று அவள் நினைத்தாள். ஆனால் கணவனின் முகத்தைத் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அவளைவிட்டுப் போயிற்று. அவனுடைய உதடு வெளுத்திருந்தது.

"குடைய விரிங்க."

"சும்மா இரு, தனம்."

"நெத்தி கொதிக்குதுங்க."

"கப்பல்ல ஏத்திட்டாங்கன்னா அப்புறம் எங்க போய் விரிக்கிறது? பேசாம வா."

அவள் எட்டி நடந்து அமலநாதனைப் பிடித்தாள். "டிரஸ்ஸர் அண்ணே, வெயில் தலையில பட்டா ஜுரம் திரும்பிரும், அப்புறம் கொய்னா மருந்தும் கேக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்தான், தங்கச்சி." அவன் முன்னால் போகும் குடையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அது ஆஸ்பத்திரியில சொன்னது."

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தான்.

அப்போதுதான் ராஜசேகரன் சட்டென்று நின்றார். "துரை!"

அந்தச் சொல் முடியும் முன்பே அவருடைய குடை மடங்கியிருந்தது. தொலைவில், கானல் நெளிகிற மணலின் நடுவே, வெள்ளை உடுப்பில் நெட்டையாக ஓர் உருவம் நின்றது. முடிந்தால் லாஞ்சுப் படகில் வந்து உங்கள் சகாராவைப் பார்க்கிறேன் என்று துரை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அது வேடிக்கைப் பேச்சு என்பது ராஜசேகரனைத் தவிர எல்லாருக்கும் விளங்கியிருந்தது.

"வரிசையா வாங்க. வாத்தியாரே, நிமிந்து நடங்க. என்ன இது, எழவு வீட்டுக்குப் போற மாதிரி!" என்றபடி அவர் கோட்டுப் பித்தான்களைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டார்.

நடந்தார்கள். மணல் காலை விழுங்கி விழுங்கி உமிழ்ந்தது. உருவம் அசையவில்லை.

"நமக்காகவே காத்துக்கிட்டு நிக்கிறாங்க, பாத்தீங்களா? அதான் பெரிய மனுஷத்தனம்" என்றார் ராஜசேகரன்.

சதாசிவம் ஒருமுறை முழங்காலில் விழுந்தான். தனலெட்சுமி அவனைத் தூக்கி நிறுத்தினாள். அவன் முதலில் குடை கக்கத்தில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் நடந்தான். அவனிடம் அவளுக்கு வந்தது இரக்கமா வெறுப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"துரை ரொம்ப நேரமா அசையவே இல்லீங்களே, ஐயா" என்றது கூடாரத்துக்கு அடியிலிருந்து வீரமுத்துவின் குரல்.

"வெள்ளைக்காரன் நிதானம் ஒனக்கு என்னடா தெரியும்?"

இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் ராஜசேகரன் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, கடலோசையையும் மீறிக் கூவினார்: "குட் மார்னிங், சார்!"

துரையின் தலையிலிருந்து ஒரு மீன்கொத்தி எழுந்து பறந்தது.

அது ஒரு கெலாம் மரம். நுனி கருகிய மொட்டை மரம். காகிதம் போல உரிந்த அதன் வெள்ளைப் பட்டை, கோட்டின் ஓரத்தைப் போலக் காற்றில் ஆடியது.

"அலமாக்!" என்று வீரமுத்து மட்டும் மலாயில் மெல்ல வியந்தான். மற்றவர்கள் எதையும் பார்க்காதவர்களாக நின்றார்கள். பெரிய கிராணி பார்த்த பிறகுதானே அவர்கள் பார்க்க முடியும்? பெரிய கிராணி திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துரை இங்க வந்துட்டுத்தான் போயிருக்காங்க" என்றார் கடைசியில். "லாஞ்சுச் சத்தம் கேட்டுதே?"

"கேட்டுதுங்க" என்றான் அமலநாதன்.

"கேட்டுதுங்க, ஐயா" என்றான் சதாசிவமும், உலர்ந்த நாக்கால்.

"திரும்பி வந்தாலும் வருவாங்க. இங்கயே நிப்போம்."

அவருடைய குடை மடங்கியே இருந்தது. ஆகவே எல்லாக் குடைகளும் மடங்கியே இருந்தன. ஏறுவெயிலில், ஒரு பட்ட மரத்துக்கு முன்னால், படித்தவர்கள் மூவர் விறைப்பாக நின்றார்கள். பின்னால் கூடாரத்தின் நிழலில் வீரமுத்து சௌகரியமாக நின்றான்.

சதாசிவத்தின் பற்கள் தந்தியடித்தன. கொள்ளி போலக் காய்கிற வெயிலில் அவனுக்குக் குளிர் எடுத்திருந்தது. அவன் மரத்தில் சாய்ந்து, பட்டையைப் பிராண்டிக்கொண்டு, மெல்லச் சரிந்து மணலில் உட்கார்ந்தான். அமலநாதன் ஓர் அடி முன்னே வைத்தான். ராஜசேகரனின் முகத்தைப் பார்த்ததும் அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

தனலெட்சுமி குனிந்து கணவனின் கக்கத்திலிருந்த குடையைப் பிடித்தாள். கண் செருகிய நிலையிலும் அவன் அதை இறுக்கினான்.

"வேணாம், தனம். கப்பல்..."

"கப்பல்ல ஏறவும் ஆள் உசுரோட இருக்கணும்."

அவள் வெடுக்கென்று பிடுங்கினாள். டப்பென்று குடை விரிந்த சத்தம் அந்த வெளியில் துப்பாக்கி வெடித்தது போலக் கேட்டது.

"வாத்தியாரே! என்ன இது?" ராஜசேகரனின் குரல் நடுங்கியது.

"வாத்தியாரைக் கேக்காதீங்க. விரிச்சது நான்." அவள் இந்த முறை மெதுவாகப் பேசவில்லை. "துரை ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. அது மரம்."

"ஏம்மா, ஒனக்கு என்ன தைரியம்? நான் நிக்கிற எடத்துல..."

அவர் மேலும் பேசிக்கொண்டே போனார். தனலெட்சுமி கணவனின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். வெயில் அவர் நிற்கும் பக்கத்திலிருந்துதான் வந்தது. அவள் குடையை அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். இப்போது அவருடைய முகம் அவளுக்குத் தெரியவில்லை.