ஒன்பது வோல்ட்

விளக்கு சூடாகிறது என்று முதலில் சொன்னவர் வாலிநோக்கம் உப்பளத்துக் கங்காணி முனீஸ்வரன். சொன்னதோடு நிற்கவில்லை, உப்பு வாரும் கோகிலாவின் உள்ளங்கையைப் படம் எடுத்து வந்து செல்போனில் காட்டினார். விளக்கைத் தூக்கி இடம் மாற்றி வைத்திருக்கிறாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"விடியுமுன்ன வேலை பாக்க வெளிச்சம் கேட்டோம் தாயி. அடுப்பு கேக்கல" என்றார்.

அது நான் செய்த விளக்கு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நான். கீழக்கரை வீட்டு மாடியில் ஒரு மேசையைப் போட்டு, பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் எரியும் எல்இடி விளக்கைச் செய்தேன். எல்இடி வரிசைக்கு முப்பத்தாறு வோல்ட் வேண்டும். பேட்டரி தருவதை ஏற்றிக் கொடுக்கும் பாரம் நடுவில் உள்ள காயிலுக்கு, அதாவது செம்புக் கம்பிச் சுருளுக்கு. உப்பளத்தில் இந்த விளக்கு பிடித்துப்போனால் தொழில் அமைந்துவிடும். தொழில் அமைந்தால், லீவில் வந்திருந்த என் கணவர் நவ்ஷாத் மறுபடி கத்தாருக்குப் போக வேண்டாம். "நீ செய்யி நஸீஹா, நான் இங்கனயே இருந்துர்றேன்" என்று அவர் வாயால் சொன்னதை நம்பித்தான் இவ்வளவும் செய்தேன்.

திரும்பி வந்த விளக்குகளைத் திறந்து காயிலைத்தான் குற்றவாளியாக்கினேன். போர்டைப் புரட்டாமல் மேலிருந்தபடியே அதைக் கழற்றிப் பெரிய காயிலாக மாற்றினேன். டயோடை மாற்றினேன். மேசையில், பன்னிரண்டு வோல்ட் குறையாமல் தரும் பவர் சப்ளையில் மாட்டினால் எவ்வளவு நேரம் எரிந்தாலும் வெதுவெதுப்போடு சரி. உப்பளத்துக்குப் போனால் மறுபடி கொதிக்கும். என் மேசையில் சாது, அங்கே சண்டியர். சில ஆம்பளைகளும் அப்படித்தான், வீட்டுக்கு ஒரு முகம், ஊருக்கு ஒரு முகம்.

"படிச்ச படிப்பு கிழிச்ச லட்சணம்" என்றார் மாமி, நவ்ஷாத்தைப் பெற்றவர்.

நவ்ஷாத் அப்படியெல்லாம் சொல்லவில்லை. டீ போட்டு மாடிக்குக் கொண்டு வந்தார். "எல்லாம் நஸீபு. நமக்குக் கொடுத்து வைக்கல, விடு" என்றார்.

கடைசியில் முனீஸ்வரனிடம் அவர்களுடைய பேட்டரியையே கேட்டு வாங்கி மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாடை. மீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரி ஒன்பது வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. பேட்டரி இறங்க இறங்க, வெளிச்சம் குறையாமல் இருப்பதற்காகச் சர்க்யூட் கரண்டைக் கூடுதலாக இழுக்கும். அத்தனையும் காயில் வழியாகத்தான் போயாக வேண்டும். தாங்க முடியாமல் அது வேகும். இது தெரிந்துதான், பத்தரை வோல்ட்டுக்குக் கீழே போனால் விளக்கு தானாக அணையும்படி வைத்திருந்தேன்.

ஒன்பது வோல்ட்டில் அது எரியவே கூடாது.

போர்டைக் கழற்றிப் புரட்டினேன். உப்புக்காற்று படாமலிருக்க அடிப்பக்கம் முழுக்கச் சிலிக்கான் பூசியிருந்தது. அதைச் சுரண்டினேன். விளக்கை அணைக்கும் பகுதிக்குள் போகாமல் கரண்ட் அதைத் தாண்டிப் போக ஒரு சிவப்புக் கம்பி. அடுத்த விளக்கிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. சிலிக்கான் பூசிப் பெட்டியை மூடுவது நவ்ஷாத்தின் வேலை. நஸீபு, நஸீபு என்றாரே, அந்த நஸீபை அவரே சால்டரிங் அயனால் பற்றவைத்திருந்தார்.

"ஏன் மச்சான்?" என்று கம்பியை நீட்டினேன்.

மறுக்கவில்லை, அந்த மட்டும்.

"முனீஸ்வரன் வந்தா 'ஓனரம்மா இல்லையா'ன்னு கேக்குறான். தோஹாவுல என் பேச்சுக்கு ஒரு சைட்டே நிக்கும். இங்கன டப்பாவுக்குப் பசை பூசுறேன். லைட்டு ஓடிருச்சுன்னா சாகுற வரைக்கும் ஒனக்கு எடுபிடிதான்."

"போறேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"இருக்குறேன்னு சொன்ன வாயால எப்புடிச் சொல்ல?"

அதற்கு ஒருத்தியின் கை வெந்தது. அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. நான் அந்தக் காயிலோடு மல்லுக்கட்டியதை, டீயும் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்தாரே, அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

கம்பிகளை வெட்டி எறிந்துவிட்டு, விளக்குகளை நானே வாலிநோக்கத்துக்குக் கொண்டுபோனேன். முனீஸ்வரன் தொடவில்லை. "சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வருமா தாயி?" என்றார். யார் செய்த வேலை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுத்தால் ஊர் என்னைத்தான் பேசும்.

நவ்ஷாத் கிளம்பிய அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். மாமி எல்லோர் காதிலும் விழும்படி, "இவ லைட்டு ஒழுங்கா எரிஞ்சிருந்தா என் புள்ள மறுபடி சபருக்குப் போகணுமா?" என்று மூக்கைச் சிந்தினார். நவ்ஷாத் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் சுஹா அவர் முதுகில் சாய்ந்தாள். "நீங்க ஏன் வாப்பா போறீங்க?"

"உம்மா செஞ்ச லைட்டு சூடாயிருச்சுல்ல தங்கம், அதான்" என்று அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கார் போன பிறகு சுஹா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த தடவையாச்சும் நல்லா செய்யிங்க உம்மா" என்றாள்.