கடலுக்குக் கிரெடிட் இல்லை

மாரிஃபேயின் பட்டமளிப்புக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். சொந்தத் தீவில் மீன்குஞ்சுப் பண்ணை வேலை காத்திருந்தது. பட்டத்தோடு வந்தால் ஜூலையில் சேரலாம், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பதிவாளர் அலுவலக மூன்றாம் ஜன்னலில் மேடம் லுஸ்விமிண்டா அவளுடைய கோப்பைப் புரட்டிவிட்டு, "ஐயையோ" என்றாள்.

"என்ன மேடம்?"

"நீச்சல் பாடத்துக்கு உனக்குக் கிரெடிட் ஏறலையே, கண்ணு."

முதல் இரண்டு வருடம் மாரிஃபே படித்தது தீவு வளாகத்தில். பிறகுதான் மலைமேல் இருக்கும் இந்தத் தலைமை வளாகத்துக்கு மாறினாள். பல்கலைக்கழகம் ஒன்றே, முத்திரை ஒன்றே, கல்லூரிப் பாட்டுகூட ஒன்றே. ஆனால் ஒரு வளாகத்தில் வாங்கிய கிரெடிட் அடுத்த வளாகத்துக்கு வந்து சேர்வதற்குள் படாத பாடு பட்டுவிடும்.

"நீச்சல்ல எனக்கு ஒண்ணு மேடம். அதுக்கு மேல மார்க்கே கிடையாது!"

"மார்க்கு கிடக்கட்டும். வகுப்பு எங்க நடந்துச்சுன்னு போட்டிருக்கு பாரு. கடல்! விதியில நீச்சல்குளம்னுல்ல இருக்கு? நீளம், ஆழம், தண்ணி எப்பெப்ப மாத்துனாங்க, எல்லாத்தையும் உங்க வாத்தியார் எழுதிக் குடுக்கணும். அழாத, இந்தா சாப்பிடு" என்று வாழையிலையில் சுற்றி வேகவைத்த சுமன் என்ற அரிசிப் பலகாரம் ஒன்றை ஜன்னல் வழியே நீட்டினாள்.

வாத்தியார் தெயோடுல்ஃபோ தங்கமான மனிதர், பொய் எழுதத் தெரியாதவர். நாலாம் நாள் அவருடைய கடிதம் படகும் பேருந்தும் ஏறி வந்து சேர்ந்தது. நீளம்: எதிர்த் தீவு வரை. ஆழம்: தெரியாது. தண்ணீர் மாற்றுவது: தினம் இரண்டு முறை, தானாக.

மேடம் லுஸ்விமிண்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆழம் தெரியாத குளத்துக்கு நான் யார்கிட்டம்மா கையெழுத்து வாங்குவேன்? ஒண்ணு பண்ணு. இங்கயே கோச் ரெனாட்டோகிட்ட தேர்வு குடுத்துடு. கால் மணி நேர வேலை."

இவ்வளவுதானா என்று மாரிஃபே நீச்சலுடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தரை விரிசல் விட்டு மூன்று வருடமாகிறது. விரிசலில் யாரோ கத்தரிச்செடி வேறு நட்டிருந்தார்கள்.

"உடையெல்லாம் எதுக்கு? இப்படி வா" என்று கோச் பக்கத்துக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே இருபது முதலாண்டுப் பிள்ளைகள் பெஞ்சுகளில் குப்புறப் படுத்துக் கையையும் காலையும் அடித்துக்கொண்டிருந்தார்கள். விசில் அடித்தால் தலையைத் திருப்பி மூச்சு வாங்க வேண்டும். குளம் வறண்ட நாளிலிருந்து நீச்சல் வகுப்பு இப்படித்தான். வாசல் பலகையில் நீச்சல்குளம் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, விதிக்கு வேறென்ன வேண்டும்?

மாரிஃபேக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், நான் தீவுக்குத் தீவு நீந்துனவ!"

"இருக்கட்டும்மா. பெஞ்சுல ஏறு."

ஏறினாள். அலை பார்த்து மூச்சு வாங்கிப் பழகியவளுக்கு விசிலுக்கு மூச்சு வரவில்லை. பாதியில் உருண்டு தொப்பென்று தரையில் விழுந்தாள்.

"பாத்தியா, முழுகிட்ட" என்றார் கோச், சிரிக்காமல்.

பக்கத்து பெஞ்சுப் பெண் இரக்கப்பட்டாள். "அக்கா, வயித்த பலகையோட ஒட்டி வைங்க. கால ரொம்ப ஒதறாதீங்க, சாஞ்சிடும்." கடலைக் கண்ணால்கூடப் பார்த்திராத மலைப் பெண். மாரிஃபே பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னபடியே செய்தாள்.

மூன்றாவது தடவை தேறினாள். மார்க் மூன்று. ஒன்று உச்சம் என்றால் மூன்று தேர்ச்சியின் கடைசிப் படி, அதற்கும் கீழே தோல்வி. சீட்டில் கோச், 'இன்னும் பயிற்சி தேவை' என்று எழுதியிருந்தார்.

மேடம் லுஸ்விமிண்டா சீட்டில் முத்திரையைக் குத்தினாள். அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம்.

"அப்பாடா! இப்ப உனக்கு நீச்சல் தெரியும், கண்ணு. ஓடிப்போய் பட்டமளிப்பு கவுனுக்கு அளவு குடு."

"ரொம்ப நன்றி மேடம்" என்றாள் மாரிஃபே. நன்றி மனதாரத்தான் வந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.