எட்டுக் கிலோவுக்கு சனி, ஞாயிறு விடுமுறை

எங்கள் ஊரில் ஒருவர் குறைத்த எடையை வாரநாட்களில் எடை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். சனி, ஞாயிறு அவரவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மாலை வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கிப் போக வேண்டும். திங்கட்கிழமை பத்து மணிக்குத் திரும்ப ஒப்படைக்க வேண்டும்.

என்னுடையது எட்டுக் கிலோ. பத்து வாரம் உயிரைக் கொடுத்துக் குறைத்தது. முழங்கால் உயரம் இருந்தது. என் சாயல்தான். எனக்குப் பத்தாமல் போன பச்சை ஜாக்கெட்டைப் போட்டிருந்தது. பார்க்கக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"இது எந்நேரமும் உள்ள வரத்தான் பாக்கும்," என்றார் கவுண்டரில் இருந்தவர். "டாக்டர் குடுத்த பட்டியல்ல இல்லாதத ஒரு வாய் தின்னாலும் அதோட சேந்து உள்ள போயிரும்."

"தெரியும் சார். மூணு வாரமா அதான் நடக்கு."

"இந்தத் திங்கக்கிழம நீங்க அறுவத்தெட்டு இருக்கணும்."

"இல்லன்னா?"

"கோப்ப மூடிருவோம்."

கோப்பு என்றால் என் தம்பி பிரமநாயகம். அவனுக்கு ஈரல் கெட்டுவிட்டது. என்னுடையதில் பாதியை வெட்டி அவனுக்கு வைக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் என் ஈரலில் கொழுப்பு. எட்டுக் கிலோ குறைத்து, குறைத்ததைக் காப்பாற்றிக்கொண்டு வந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அதற்குள் தம்பி மஞ்சளாகிக்கொண்டே வந்தான். முதலில் கண். பிறகு நகம். போன வாரம் அவன் சட்டை. இப்போது போனில் பேசினாலே என் காதில் மஞ்சள் ஒட்டுகிறது. துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்க்கிறேன்.

"லீவுல விசேஷம் எதும் உண்டா?" என்று கேட்டார் கவுண்டர்காரர்.

"பக்கத்து வீட்ல கல்யாணம். மறுநா மறுவீடு. தேங்காப்பால் சொதி போடுதாவ."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைத் துக்க வீட்டுக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"அப்ப நீங்க 'நிஜ வேண்டாம்' சான்று வாங்கிக்கிடுங்க. ஒம்பதாம் நம்பர் ரூம்."

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் பந்தியில் 'வேண்டாம்' என்று சொன்னால் அது கணக்கில் வராது. அது மரியாதை. நல்ல குடும்பத்தில் பிறந்தவள் என்று அர்த்தம். வைப்பவர் அதைக் கேட்டு மனம் குளிர்ந்து இன்னும் இரண்டு வைப்பார். நிஜமாகவே வேண்டாம் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஒன்பதாம் அறைக்கு நடந்தேன். நடக்க நடக்க நடைபாதை நீண்டது. இரண்டு கிலோமீட்டர் இருக்கும். எட்டுக் கிலோ கால் வலிக்கிறது என்றது. தூக்கிக்கொண்டேன். என் கஷ்டம் எனக்கு.

"நீங்க இருக்கியளா?" என்று கேட்டார் அந்த அறையில் இருந்த அம்மா.

"இருக்கேன்."

"எழுத்துல?"

"நேர்லதான் நிக்கேன்லா."

"நேர்ல எல்லாரும்தான் நிக்காவ. திங்கக்கிழம வாங்க."

சான்று இல்லாமல் வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமையிலிருந்து காப்பீட்டுக்காரர்களின் போனில் காத்திருக்கிறார். குளியல், சாப்பாடு எல்லாம் போனோடுதான். என்ன கேட்டாலும் அவர் வாயிலிருந்து வயலின் வாசிப்பு மட்டும் வருகிறது. எனக்காகத்தான் காத்திருக்கிறார் என்று தெரியும். காதில் போனைப் பிடித்த கை நோகுமே என்று ஒரு தலையணையை முட்டுக் கொடுத்தேன்.

சனிக்கிழமை கல்யாணம். பக்கத்து வீட்டு உலகம்மை மைனியின் மகளுக்கு. அண்ணி முறை உறவு ஒன்றும் இல்லை, ஆனாலும் மைனிதான். அவர் கையால் சாப்பிடாமல் அந்தத் தெருவை யாரும் தாண்டியதில்லை.

காரணத்தைச் சொல்லித் தப்பித்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் நோய்நொடிப் பேச்சு ஆகாது. தாலி ஏறும் நேரத்தில் ஈரல், ஆபரேஷன் என்று வாயைத் திறப்பேனா? தம்பிக்கு முடியவில்லை என்பதையே தெருவில் ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தேன்.

பந்தியில் எட்டுக் கிலோ என் பக்கத்து இலையில் உட்கார்ந்தது. அதற்கும் தண்ணீர் வைத்தார்கள்.

ஜாங்கிரி வந்தது. வேண்டாம் என்றேன். ஒன்று விழுந்தது. ஐயோ வேண்டாம் என்றேன். இன்னொன்று. கையால் இலையை மறைத்தேன். புறங்கையில் ஒன்று. பதினொரு வேண்டாம் சொன்னேன், எண்ணிப் பார்த்தால் பதினொரு ஜாங்கிரி. வாயை மூடிக்கொண்டேன். அப்போது மைனியின் வீட்டுக்காரர் வந்து எதிரில் நின்று கையைக் கூப்பினார்.

"நம்ம வீட்டுல எதும் குறையாம்மா?"

அந்த மனுஷன் கண் கலங்கியிருந்தது. நான் என்ன செய்வேன்? பாதி ஜாங்கிரியை வாயில் போட்டேன்.

எட்டுக் கிலோவின் இடது கை காணாமல் போனது. என் இடது கை கனத்தது. வளையல் இறுகியது.

"நல்லாருக்குக்கா," என்றது எட்டுக் கிலோ.

"வாய மூடு," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி போன் செய்தான்.

"அக்கா, இன்னைக்கு சொதில்லா?"

"ஆமாடா."

"இஞ்சிப் பச்சடியும் வச்சிருப்பாவளே."

"வச்சிருப்பாவ."

"நல்லா சாப்டு. எனக்கும் சேத்து."

அவனுக்கு இப்போது கஞ்சி மட்டும்தான். எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்தத் திங்கட்கிழமையும் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதேன். காதிலிருந்த மஞ்சள் கன்னத்தில் இறங்கியது.

இந்த முறை எங்கேயாவது ஓடிவிடுவது என்று முடிவு செய்தேன். எட்டுக் கிலோவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் இடப்பக்கம் நடந்தேன். தெரு மைனியின் பந்தலில் முடிந்தது. வலப்பக்கம் நடந்தேன். அதுவும் பந்தலில் முடிந்தது. வீட்டுக்கே திரும்பிக் கதவைத் திறந்தேன். உள்ளே பந்தி.

"வா வா, ஒனக்காகத்தான் எல போட்டு வச்சிருக்கு," என்றார் மைனி.

உட்கார்ந்தேன். தேங்காய்ப்பால் வாசம் பந்தலைப் பிடித்து ஆட்டியது. எட்டுக் கிலோ என் முழங்கையைத் தொட்டது.

"நான் உள்ள வந்திருதேன்க்கா. வெளிய குளுருது."

மைனி வாளியோடு வந்தார்.

"வேண்டாம் மைனி."

"இருக்கட்டும்."

"நெசமாவே வேண்டாம் மைனி."

"வளந்த பிள்ள மாதிரியா பேசுத, சும்மா இரி."

கரண்டி சாய்ந்தது. நான் எழுந்து நின்றேன். பந்தியில் பாதியில் எழுந்திரிப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியும். தம்பியின் ஈரல், என் ஈரல், எட்டுக் கிலோ, திங்கட்கிழமை பத்து மணி எல்லாவற்றையும் சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல.

சொதி கரண்டிக்கும் இலைக்கும் நடுவில் அப்படியே நின்றது. யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

"ஏட்டி கோட்டி," என்றார் மைனி. "இத முன்னாலயே சொல்லுததுக்கு என்ன?"

"கல்யாண வீட்ல எப்படி மைனி..."

"சவம், நேத்து என் வீட்ல ஜாங்கிரி வைக்க விட்டுட்டியே."

வாளியைக் கீழே வைத்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு வேண்டாம் இருந்தது. புளியங்கொட்டை அளவு. கறுப்பாக, மழமழவென்று.

"இது நெசமானது. பத்தொம்பது வயசுல ஒருநா சொல்லணும்னு வச்சிருந்தேன். அன்னைக்கு என்னைய யாரும் கேக்கல. சும்மாதான் கெடக்கு. நீ சொல்லு."

மைனியின் வீட்டுக்காரர் டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

பிறகு பந்தியில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக முடிச்சை அவிழ்த்தார்கள். ஒரு டீச்சர் மாற்றல் உத்தரவுக்குச் சொல்ல வைத்திருந்ததைக் கொடுத்தார். ஒருத்தி நாலாவது பிள்ளைக்கு முன்னால் சொல்ல வைத்திருந்தது என்றாள், அந்தப் பிள்ளை அவள் மடியில் அப்பளம் தின்றுகொண்டிருந்தது. சம்பந்தி வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார். மொத்தம் பதினாலு. ஆண்களும் பாக்கெட்டைத் துழாவினார்கள். அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை. அவ்வப்போது சொல்லித் தீர்த்திருக்கிறார்கள்.

மைனியுடையதை நாக்கில் வைத்தேன். சின்னதுதான், ஆனால் அதன் கனம் எனக்குக் கழுத்துவரை இறங்கியது.

"வேண்டாம்," என்றேன்.

சொதி கரண்டிக்குள் ஏறிக்கொண்டது. நேற்றுத் தின்ற பாதி ஜாங்கிரி வெளியே வந்து இலை ஓரத்தில் உட்கார்ந்தது. எட்டுக் கிலோவுக்கு இடது கை திரும்பியது. பந்தல் முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. மைனி காலி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். பிறகு, "அப்பாடி, சொல்லியாச்சு," என்று யாரிடமோ சொல்லிவிட்டு எனக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவந்தார். மோர் பட்டியலில் உண்டு. குடித்தேன். அந்த மோருக்கு நான் ஏழு ஜென்மம் நன்றி சொன்னாலும் தீராது. அவர்களுக்காகவும் அழுகை வந்தது, எனக்காகவும் வந்தது.

மீதிப் பதிமூன்றும் சாயங்காலத்துக்குள் செலவாகிவிட்டன. முறுக்குக்கு இரண்டு. சீனி போட்ட காப்பிக்கு மூன்று. மிச்சமெல்லாம் மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்கு. அவர் லேசுப்பட்டவர் இல்லை.

திங்கட்கிழமை நான் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் வாயில் வயலின் நின்றது.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்," என்றார் என்னைப் பார்த்து.

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சந்தோஷமாகப் போனேன்.

தராசில் ஏறினேன். அறுபத்தெட்டு. கவுண்டர்காரர் இரண்டு முறை பார்த்தார். பிறகு எழுந்து நின்று பார்த்தார். முத்திரை குத்தினார். எட்டுக் கிலோவை அலமாரியில் ஏற்றினேன். அது என் விரலைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் எனக்காகத் தின்ற ஜீவன், அதை மட்டும் எப்படிக் குறை சொல்ல? தலையைத் தடவினேன். "நல்லாருப்ப," என்றேன்.

கவுண்டர்காரர் கோப்பைத் திறந்தார். பிரமநாயகம் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்சு மஞ்சளானது. செவ்வாய்க்கிழமைக்கு அந்த வாரம் விடுமுறை கொடுத்திருந்ததால் உடனே புதன் வந்துவிட்டது. ஆபரேஷன் புதன்கிழமைதான்.

எங்களை அடுத்தடுத்துப் படுக்க வைத்தார்கள். டாக்டர் தலையில் பச்சைத் துணி கட்டி வந்தார். என் பக்கத்து வேலையை முடித்தார். எனக்கு வலிக்கவில்லை. கிண்ணத்தோடு தம்பி பக்கம் திரும்பினார்.

"வேண்டாம்க்கா," என்றான் தம்பி. "ஒனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு."

நான் காதில் வாங்கவில்லை.

"வேண்டாம்க்கா. ஒனக்கு எதும் ஆயிட்டுன்னா?"

"வைங்க சார்," என்றேன்.

"வேண்டாம்க்கா."

வயிற்றின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டான். டாக்டர் குனிந்து நின்றார். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான், அவசரப்படவில்லை. தம்பி என்னையே பார்த்தான். பிறகு ஒரு கையை மெல்ல நகர்த்தினான்.

"கொஞ்சமா வையிக்கா," என்றான்.