நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வந்தவன்

கதைக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான். அவர் எழுதிய எதற்கும் அவர் மனைவி சிரித்ததில்லை.

சிரிக்கத் தெரியாதவள் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற அந்த அம்மாளின் சிரிப்பு வார்டு முழுக்கப் பிரசித்தம். முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பிறகு கண்ணில் தண்ணீர் கட்டும். கடைசியில் விக்கல் பிடித்துக்கொள்ளும். விக்கல் வந்தால்தான் அது அசல் சிரிப்பு. அவளுடைய தம்பி, அதாவது இவருடைய மச்சான், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, மாமா இன்னும் எழுதிக்கிட்டேதான் இருக்காரா என்று கேட்டால் போதும், அக்காவுக்கு விக்கல் வந்துவிடும். இவரோ மண்டையை உடைத்துக்கொண்டு எழுதி, எழுந்து நின்று நடித்தும் காட்டினால், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே "நல்லாத்தான் இருக்கு" என்பாள். அதற்கு ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

அலுவலகத்தில் அவர் தபால் பிரிவு எழுத்தர். வருகிற கடிதத்துக்கு எண் போட்டு, முத்திரை குத்தி, உரிய பிரிவுக்குத் தள்ளிவிடுகிற வேலை. பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் அவர் கதைக்காரர்தான். அந்த வருடம் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடலாம் என்று பேச்சு வந்ததும், பெரிய அதிகாரி வராந்தாவில் அவரை நிறுத்தி, நீங்களே ஒன்று எழுதிப் போடுங்கள், சிரிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனார். கதைக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. விழாவுக்குக் குடும்பத்தோடு வரலாம். மனைவி முன்வரிசையில் இருப்பாள். மண்டபமே சிரிக்கும்போது அவள் மட்டும் உம்மென்று உட்கார்ந்திருக்க முடியுமா?

எழுதி முடித்தார். கதை இதுதான். அரசாங்க முத்திரை போட்ட நாற்காலி ஒன்று தெருவோரம் கிடக்கிறது. ஒரு அப்பாவி அதைத் தலையில் தூக்கிக்கொண்டு அலுவலகத்தில் ஒப்படைக்க வருகிறான். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. காணாமல் போனதாகப் பதிவே இல்லாத பொருளைக் கிடைத்ததாக எப்படிப் பதிவது? பிரிவு பிரிவாக அலைந்து, கடைசியில் நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அப்பாவியாக நடிக்க ஜீப் டிரைவர் ஒத்துக்கொண்டார். தட்டச்சு பார்க்கிற அம்மாளுக்கு அதிகாரி வேஷம்.

இதோடு விட்டிருந்தால் சுபம். தொட்டில் பழக்கம் விடுமா? பெரிய அதிகாரி சொன்னது சரி, ஆனால் எழுத்தில் இல்லையே என்று கதைக்காரருக்கு ஒரு உறுத்தல். வாய்ச் சொல்லை நம்பி நட்டாற்றில் நின்றவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஆகவே, யாரும் கேட்காமலேயே நாடகத்தை ஒரு கோப்பில் கட்டி, எண் போட்டு, முத்திரை குத்தி, 'அனைத்துப் பிரிவுகளின் கருத்துடன் ஒப்புதலுக்காக' என்று மேலே எழுதி அனுப்பிவைத்தார். அட மனுஷா, சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதானே!

கோப்பு போனது போனதுதான். விழா நெருங்க நெருங்க அவர் ஒவ்வொரு பிரிவாக எட்டிப் பார்த்தார். கணக்கில் கேட்டால் பண்டகத்தில் என்றார்கள். நாற்காலி, மேசை, அலமாரி எல்லாவற்றையும் கட்டிக் காக்கிற அந்தப் பண்டகப் பிரிவில் கேட்டால் சட்டப் பிரிவு என்றார்கள். இங்கேதான் எங்கேயாவது இருக்கும், நாளைக்கு வாங்க என்று இத்தனை வருடம் பிறருக்குச் சொன்ன பதிலை இப்போது அவரே வாங்கிக்கொண்டு திரும்பினார். விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் கோப்பு அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஒப்புதல் இல்லை. ஆளுக்கொரு குறிப்பு எழுதிக் கையெழுத்து மட்டும் அழகாகப் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர் முகம் செத்துக் கிடந்தது. மனைவி மறுநாள் டியூட்டியை மாற்றி வாங்கிக்கொண்டு, விழாவுக்கு உடுத்த வேண்டிய துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாடகம் இல்லை என்றார். ஏன் என்று கேட்டாள். விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல் கோப்பைத் திறந்து வாசித்தார்.

"'நமது அலுவலகத்தில் எந்த நாற்காலியும் காணாமல் போகவில்லை. இந்த நாற்காலி எங்கிருந்து வந்தது என்பதற்கு நாடகாசிரியரிடம் விளக்கம் பெறவும்.' இது பண்டகம்."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"'இரண்டாம் காட்சியில் எழுத்தர் தூங்குகிறார். உணவு இடைவேளையிலா, பணி நேரத்திலா? பணி நேரமெனில் சம்பளப் பிடித்தம் உண்டு.' இது கணக்கு."

அவள் தோள் குலுங்கியதை அவர் கவனிக்கவில்லை, அவர் கவலை அவருக்கு. சட்டப் பிரிவின் குறிப்புக்குப் போனார். "'இறுதிக் காட்சியில் மனுதாரர் அழுகிறார். அழுவதற்கு முன் மேல்முறையீடு செய்தாரா என்பது தெரியவில்லை.'" நிமிர்ந்து பார்த்தால், கண்ணில் தண்ணீர் வழிய அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த நொடி, விக்.

கதைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தவம் கிடக்கிற விக்கல். பண்டகப் பிரிவில் பசைப் புட்டிக்குக் கணக்கு எழுதுகிறவனுக்கும், முழுசாய் ஒரு வாக்கியம் பேச வராத சட்டப் பிரிவுக்காரனுக்கும் ஓசியில் கிடைக்கிறது! பொறாமைதான், வேறென்ன. பெரிய அதிகாரியின் குறிப்பு வரை போகவே முடியவில்லை. அவள் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, இதையே நாடகமாகப் போட்டுவிட வேண்டியதுதானே என்றாள்.

முதலில் கோபமாக வந்தது. பிறகு யோசித்தார். இந்தக் கோப்பில் கையெழுத்து விழாதது அவருடைய நாடகத்துக்கு மட்டும்தான். குறிப்புகள் எல்லாம் உரிய பிரிவுகள் ஒப்பமிட்டவை. அவற்றுக்கு இன்னொரு ஒப்புதல் எதற்கு? மறுநாள் காலை டிரைவரையும் தட்டச்சு அம்மாளையும் ஜீப் ஷெட்டுக்கு வரவழைத்து விஷயத்தைச் சொன்னார். ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது, எழுதியபடியே வாசிக்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும் அவருடையது. அதை டிரைவரின் காதில் சொன்னார். அந்த வரியை அவர் எந்தப் பிரிவுக்கும் அனுப்பவில்லை, எண்கூடப் போடவில்லை. உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் அப்படி ஒன்றை அவர் செய்ததே கிடையாது.

மேடையில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் தட்டச்சு அம்மாள். டிரைவர் தலையில் நாற்காலியோடு வந்து நின்றார். இறக்கி வைக்க இடம் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மாள் ஒரு குறிப்பை எடுத்து, பிரிவின் பெயரோடு கணீரென்று வாசித்தார். பண்டகக் குறிப்புக்குக் கணக்குப் பிரிவே எழுந்து நின்று சிரித்தது. கணக்குக் குறிப்பு வந்ததும் அவர்கள் வாய் மூடிக்கொண்டது, பண்டகம் பழி வாங்கிக்கொண்டது. திரைக்குப் பின்னால் நின்ற கதைக்காரர் மண்டபச் சத்தத்தில் ஒரே ஒரு குரலைத் தேடிக்கொண்டிருந்தார்.

கடைசிக் குறிப்பு வந்தது.

"'இது நகைச்சுவை நாடகம் எனத் தெரிகிறது. எந்தெந்த இடங்களில் சிரிக்க வேண்டும் என்பதைக் குறித்து மீண்டும் சமர்ப்பிக்கவும்.' பெரிய அதிகாரி."

அவ்வளவுதான். மண்டபம் கப்சிப். எல்லாத் தலையும் முன்வரிசைக்குத் திரும்பியது. பெரிய அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. இதை நானா எழுதினேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் கதைக்காரர் தன் வேலைக்கு மனசாரக் கும்பிடு போட்டுவிட்டார்.

டிரைவர் நிதானமாக நாற்காலியைத் தலையிலிருந்து இறக்கினார். துண்டால் ஒரு தட்டுத் தட்டினார். அதிலேயே உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

"குறிச்சு வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேங்க. நல்லவேளை, உக்கார நாற்காலி கொண்டாந்திருக்கேன்."

முன்வரிசையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. விக்.

இன்னொரு விக். பெரிய அதிகாரி திரும்பிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய, நாற்காலியோடு சேர்ந்து குலுங்குகிற அந்த அம்மாளைப் பார்த்ததும் அவருக்கும் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிகாரியே சிரித்த பிறகு யாருக்கு என்ன தடை? மண்டபம் அதிர்ந்தது. கதைக்காரர் திரைத்துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வந்தது, ஆனால் மேல்முறையீடு செய்யவில்லையே என்று நினைத்ததும் சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்கு இருவரும் நடந்தே வந்தார்கள். பாதி வழியில் அவள் கேட்டாள்.

"ஏங்க, டிரைவர் கடைசியா சொன்னாரே, அதை எந்தப் பிரிவு எழுதுச்சு?"

"தபால் பிரிவு."

அவள் நின்றுவிட்டாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தெருவிளக்குக்குக் கீழே அவள் தோள் குலுங்க ஆரம்பித்ததும், கதைக்காரர் அவசரம் காட்டாமல் பைக்குள் கையை விட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்.