பிக்கப் நிறைய உபவாசம்

"நாளைக்குக் காலையில சாப்பிடாம வா, சர்க்கரை பாக்கணும்" என்று நர்ஸ் பெலெயுபு சொன்னதுதான் வினையாகிவிட்டது. ஏழு மாதக் கர்ப்பிணி ஃபுவாதினோ அதை வீட்டில் போய்ச் சொன்னாள். சமோவாவில் சாப்பிடாமல் இருப்பதென்றால் சபை உபவாசம்தான். வேறு சொல் கிடையாது. ஆஸ்பத்திரியே உபவாசம் கேட்டால் காரியம் பெரிது என்று, சபை மூப்பரான அவள் கணவன் யொசுவா கோயிலில் அறிவித்துவிட்டான். மறுநாள் மாமியார், பாஸ்டரம்மா, மூப்பர்கள் என்று எட்டுப் பட்டினி வயிறுகள் பாடிக்கொண்டே அவளோடு பிக்கப்பிலிருந்து இறங்கின.

போன கர்ப்பத்தில் இந்தச் சோதனைக்கு அவள் வரவில்லை. சர்க்கரை ஏறி, குழந்தை ஐந்து கிலோவுக்குப் பெருத்துவிட்டது. வயிற்றின் அளவைப் பார்த்து ஊரே மார்தட்டிக்கொண்டது. தோள் சிக்கி வெளியே வந்த அந்த ஐந்து கிலோ ஒரு தடவைகூட அழவில்லை. இந்த முறை அவளே கேட்டு வந்திருந்தாள்.

நர்ஸ் ரத்தம் எடுத்துவிட்டு ஆரஞ்சு நிறச் சர்க்கரைத் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றினாள். "அஞ்சு நிமிஷத்துல குடிச்சிரு, அப்புறம் மறுபடி ரத்தம் எடுக்கணும்" என்று பக்கத்து அறைக்குப் போனாள்.

எட்டுப் பேரும் கோப்பையையே பார்த்தார்கள். பெரியவர்களுக்குக் கொடுக்காமல் குடித்துப் பழகாத ஃபுவாதினோவின் கை, தானாகவே பாஸ்டரம்மா பக்கம் நீண்டது. அந்த அம்மாள் கர்த்தரைத் துதித்து ஒரு மடக்கு குடித்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளினாள். கடைசிச் சொட்டை யொசுவா நக்கினான்.

நர்ஸ் திரும்பி வந்தாள். "குடிச்சியா?"

"ஆச்சு" என்றாள் பாஸ்டரம்மா. நாக்கு ஆரஞ்சாக இருந்தது.

"உபவாசம் முடிக்கத்தானே குடுத்தீங்க?" என்றான் யொசுவா.

"அப்படியா மூப்பரே? அப்ப எட்டுப் பேருக்கும் ரத்தம் எடுக்கறேன். உங்க தொப்பையிலேருந்து ஆரம்பிக்கலாம்!" நர்ஸ் அலமாரியைத் திறந்து இன்னொரு பாட்டிலை எடுத்துக் கோப்பையில் ஊற்றினாள். "இதான் கடைசி பாட்டில். இனி அடுத்த மாசக் கப்பல்லதான் வரும். இவங்களை வெளிய அனுப்பட்டுமா, புள்ள?"

"வேணாம், இருக்கட்டும்."

ஃபுவாதினோ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தாள். குமட்டும் இனிப்பு.

"பெரியவங்க பட்டினியா நிக்கறோம், நீ மட்டும் குடிக்கிறியே! மரியாதை எங்கடி போச்சு?" என்று மாமியார் சீறினாள்.

"போன தடவை மரியாதையாத்தான் இருந்தேன் அத்தை. சோதனையெல்லாம் எதுக்குன்னீங்க, வரலை. நீங்க வச்சதையெல்லாம் தின்னேன். புள்ளையப் பொதைச்சேன்."

அவள் மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.