பரமசிவத்தின் காது

கல்யாணி அப்பாவுக்கு வாய்க்கரிசி போடக் குனிந்தபோது, சந்துக்குள் ஓர் அம்பாசடர் நுழைந்து இரண்டு சுவருக்கும் நடுவில் திணறி நின்றது.

"மேனேஜிங் டைரக்டர்," என்று அவள் காதோரம் சொன்னார் யூனியன்காரர் பன்னீர்செல்வம். "போட்டோக்காரனையும் கூட்டியாந்திருக்கான் பாரு."

சிவராமகிருஷ்ணன் பம்பாயில் சோப்பு விற்றவர். படுத்துவிட்ட ஜாதவ்பூர் ரேடியோ கம்பெனியைத் தூக்கி நிறுத்த முதலாளிகள் போன வருஷம் கொண்டுவந்த ஆள். கல்யாணியின் அப்பா பரமசிவம் இருபத்திரண்டு வருஷமாக ஒவ்வொரு ரேடியோப் பெட்டியையும் பத்து நிமிஷம் பாடவிட்டு, காதை வைத்துக் கேட்டுத்தான் வெளியே விடுவார். வந்தவர் அதை ஒரு நிமிஷமாக்கினார். துர்கா பூஜைக்குப் போன பெட்டிகள் மூன்றே வாரத்தில், காளி பூஜைக்குள், கரகரவென்று திரும்பி வந்தன. குற்றம் அந்த ஒரு நிமிஷத்தின்மேல் விழவில்லை. பரமசிவத்துக்குக் காது மந்தம் என்று எழுதி, கிடங்கில் பெட்டி தூக்கப் போட்டார்கள். மூன்று மாதம் தூக்கினார். நேற்று மத்தியானம் அங்கேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சிவராமகிருஷ்ணன் ஷூவோடு உள்ளே வந்தார். கையில் மலர்வளையம், அதன் நடுவில் செத்தவர் பெயரைவிடக் கம்பெனி பெயர் பெரிது.

"உங்கப்பா நம்ம கம்பெனிக்குத் தூண் மாதிரிம்மா."

"அந்தத் தூணுக்குக் காது மந்தம்னு எழுதினது நீங்கதானே சார்?"

"ஏய், பொணத்த வச்சுக்கிட்டு..." என்று இழுத்தாள் டாக்குரியாவிலிருந்து வந்திருந்த சித்தி.

"அவரு காது நல்லா இருந்துச்சுன்னு, கூட வேலை செஞ்ச இவங்க முன்னாடி சொல்லிட்டு மாலையப் போடுங்க."

"அதெல்லாம் ஆபீஸ் பாஷைம்மா. பர்சனலா எடுத்துக்கப்படாது. ஒரு லெட்டர் போடச் சொல்லு, பாக்கறேன்."

"யாரு போடணும்? எங்கப்பாவா?"

யாரோ சிரிப்பை இருமலாக்கினார். கல்யாணி வழிவிடவில்லை. வளையத்தை ஏந்தியபடியே அவர் கொஞ்ச நேரம் நின்றார், வீடு வீடாகச் சாமான் விற்க வந்தவர் மாதிரி. பிளாஷ் ஒருமுறை மின்னியது. "மீட்டிங் இருக்கு," என்று சொல்லிவிட்டு வளையத்தோடு காரில் ஏறிக்கொண்டார்.

அதற்குள் பாடையைத் தூக்கிவிட்டார்கள். காரைத் திருப்ப இடமில்லை. டிரைவர் கழுத்தை வளைத்துப் பின்னால் பார்த்துக்கொண்டு, சுவரில் உரசாமல் அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுத்தான். கார் பின்வாங்கப் பின்வாங்க, பாடை அதே வேகத்தில் அதை நோக்கி வந்தது. பின்சீட்டில் பாடைக்கு நேர் எதிரே சிவராமகிருஷ்ணன்.

மெயின் ரோட்டுக்கு இருநூறு அடி இருந்தது.

"மெதுவா, மெதுவா," என்று பன்னீர்செல்வம் தோள் மாற்றிக்கொண்டார். யாருக்கும் அவசரமில்லை.