தாளத்துக்கு முந்தி வந்த குரல்

அடுத்தவர் வாய்க்குப் பல் செட் செய்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. மேல் வரிசை, கீழ் வரிசை, சில நாள் ஒற்றைப் பல். பட்டறை முழுக்க மெழுகு வாடையும் பிளாஸ்டர் தூளும். அந்தத் தூளுக்கு நடுவே பாலித்தீன் உறை போட்ட மடிக்கணினி ஒன்று. அதில் நாலாயிரத்துச் சொச்சம் பாட்டுகள். எல்லாமே சிறுவர் பாடகர் குழுக்களும் தேவாலயப் பாடகர் குழுக்களும் பாடியவை. குரல் உடையாத பையன்கள், கல் கட்டடங்கள், ஆர்கன். வேறு எதையாவது கேட்கச் சொன்னால், தன் பல்லையே யாரோ பிடுங்க வந்ததுபோல முகத்தை வைத்துக்கொள்வார்.

இந்தக் கிறுக்கு உலகத்தில் தனக்கு மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார். பிறகு கைப்பேசியில் ஒரு குழு அகப்பட்டது. நாற்பத்தொரு பேர். ஞாயிறுதோறும் யாராவது ஒருவர் ஒரு பதிவைப் பகிர வேண்டும். மூன்று முறை கேட்காமல் கருத்துச் சொல்லக் கூடாது. வெறுமனே 'அருமை' என்று எழுதிவிட்டுப் போகிறவரை ஒரு வாரம் வெளியே நிறுத்திவிடுவார்கள். மனிதர்கள் இதைவிட லேசான விஷயங்களுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் உலகத்தில், இவர்கள் ஒரு பையன் எந்த இடத்தில் மூச்சு வாங்கினான் என்பதற்காக இரண்டு மாதம் பேசாமல் இருந்தார்கள். குழுவை நடத்தும் பொறுப்பு நாளடைவில் இவர் தலையில் விழுந்தது. எல்லாரும் 'பல்லுக்காரர்' என்றே கூப்பிட்டார்கள்.

குழுவில் பெரிய கை 'செவியார்'. துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். மூடியைத் திறக்காமலே, சுற்றுகிற சத்தத்தை வைத்து எந்த பேரிங் போயிற்று என்று சொல்லிவிடுவார். அதே காதைத்தான் பாட்டுக்கும் வைத்தார். அவருக்குச் சமதையாக வாதாடக்கூடியவர் ஒரு கல்லூரிப் பேராசிரியை.

பல்லுக்காரர் பகிர்ந்தவற்றில் ஒன்று மட்டும் குழுவின் குலதெய்வம்போல ஆகிவிட்டது. நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்திய இசைத்தட்டு. முந்நூறு பிரதிகள்தான் போட்டார்கள். இரக்கம் கேட்டு மன்றாடும் ஒரு பாட்டு. ஆர்கன் தன் பகுதியை வாசித்து முடித்த பிறகு ஒரு பையன் தனியாகத் தொடங்க வேண்டும். ஆனால் இந்தத் தட்டில் பையன் ஒரு தாளம் முந்தி வந்துவிடுகிறான். ஆர்கன் இன்னும் முடிக்கவில்லை, குரல் அதன்மேல் ஏறி நிற்கிறது. அந்த ஒரு தாளத்தைப் பற்றி மட்டும் பேராசிரியை நாலு பக்கம் எழுதினார். ஏக்கம் காலத்தை மீறுவது, காத்திருக்க மறுக்கும் ஆன்மா என்றெல்லாம் வந்தது. பல்லுக்காரர் அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் அது ஆன்மா இல்லை, பதற்றம். பாடியது அவர்தான்.

ஊர்த் தேவாலயப் பாடகர் குழுவில் இருவரும் இருந்தார்கள்; பாட வேண்டியவன் அவர் அண்ணன். அவனுக்குப் பதின்மூன்று வயது, தம்பிக்குப் பதினொன்று. தம்பியின் குரல் கூட்டத்தோடு சேராமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று சொல்லி, பதிவு நாள் காலையில் பாட்டு ஆசிரியர் அவனை ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டார். தூணுக்கு முன்னால் இரண்டடி தூரத்தில் மரப்பெட்டி ஒன்று, அதன்மேல் அண்ணன், அவன் முன்னால் மைக். மற்றப் பையன்கள் எதிர்ப்பக்கம், தூண் தம்பியை அவர்களிடமிருந்து மறைத்தது. ஆசிரியர் முதுகைக் காட்டிக்கொண்டு ஆர்கன் வாசித்தார். இடம் நெருங்கியபோது அண்ணனின் முழங்கால்கள் ஆடுவது தூணிலிருந்து தெரிந்தது. அடுத்த நொடி விழுந்துவிடுவான் என்று தம்பிக்குப் பட்டது. தாளம் எண்ணிக்கொண்டிருக்க முடியவில்லை. பாடிவிட்டான்.

பாட்டு முடிந்ததும் அம்மா ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான் என்று தம்பி பார்த்தான். அண்ணன் வாயே திறக்கவில்லை. பிறகு குரல் உடைந்தது, படிப்பு, வேலை, கல்யாணம். அண்ணன் வேறு ஊரில் மருத்துவமனைப் போதகராகிவிட்டார். அம்மா கண்ணை மூடும்வரை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தட்டைப் போட்டுக்காட்டி, 'என் மூத்தவன்' என்றாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் நெஞ்சுக்குள் கல்லாக உட்கார்ந்துவிட்டது. அண்ணன் பாட்டைத் திருடிக்கொண்டான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நாற்பத்து மூன்று வருடமாக அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அது தன் குரல் என்று, கேட்கத் தெரிந்த நாலு பேருக்காவது தெரிய வேண்டும். மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

இந்த நிலையில்தான் பேராசிரியை பழைய தேவாலய இதழ் ஒன்றைக் கிளறி, தனிக்குரல் பாடியவர் என்று அண்ணன் பேரைக் கண்டுபிடித்தார். அதில் இருந்த குடும்பப் பேர்தான் பல்லுக்காரருக்கும்; கேட்டதும், 'என் அண்ணன்' என்று ஒப்புக்கொண்டார். குழு அல்லோலகல்லோலப்பட்டது. ஞாயிறு மாலை நாலு மணிக்கு எல்லாரும் திரையில் கூடுவது, அண்ணனையும் அழைப்பது என்று முடிவாயிற்று.

"இன்னைக்குச் சொல்லிடுங்க. இல்லேன்னா இனிமே என்கிட்டயும் இதைப் பேசக் கூடாது" என்றாள் மனைவி.

சொல்லிவிடுவதென்று அவரும் முடிவு கட்டியிருந்தார். 'அதைப் பாடியது நான்.' பட்டறை அலமாரியில் இருந்த பிளாஸ்டர் தாடைகளின் முன்னால் நின்று நாலு நாள் ஒத்திகை பார்த்தார். தாடைகள் மறுத்துப் பேசவில்லை.

நாலு மணிக்குத் திரையில் முகங்கள் நிறைந்தன. அண்ணன் மருத்துவமனை அறை ஒன்றிலிருந்து வந்தார். கைப்பேசியைப் பிடிக்கத் தெரியாததால் முதல் ஐந்து நிமிடம் நெற்றி மட்டும் தெரிந்தது. மனைவி திரைக்கு எட்டாத பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கணவரின் தொடையில் ஒரு விரலை வைத்துக்கொண்டாள்.

பேராசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "ஐயா, ஏன் ஒரு தாளம் முந்தி ஆரம்பிச்சீங்க?"

அண்ணன் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

"அதை நான் பாடல" என்றார்.

பல்லுக்காரர் திரையை நோக்கிக் குனிந்தார். தொடையில் விரல் அழுந்தியது. கேட்காமலே கிடைக்கிறதே என்று ஒரு சந்தோஷம் தலைக்கேறியது.

"யாரு பாடினதுன்னு எனக்கும் தெரியாது" என்று அண்ணன் தொடர்ந்தார். "எனக்கு ஒரே பயம். தொண்டை அடைச்சுப்போச்சு. வாயைத் தொறந்தேன், காத்துகூட வரல. ஆனா பாட்டு வந்துச்சு. எனக்குப் பின்னாலருந்து வந்துச்சு. நான் வாயைத் தொறந்துக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான். அம்மா வந்து கட்டிப்பிடிச்சு அழுதாங்க, அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? எதிர்ப்பக்கம் மத்தப் பசங்களோட நின்ன தம்பிகிட்டயும் சொல்லல. சின்னப் பையன், பயந்துடுவான்னு விட்டுட்டேன்."

யாரும் அசையவில்லை. நாற்பத்தொரு பேரும் மூச்சு வாங்கும் இடம் தெரிந்தவர்கள்.

"அதனாலதான் இந்த வேலைக்கு வந்தேன். சாகக் கெடக்குறவங்க பக்கத்துல உக்காந்திருக்கேன், முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. எல்லாரும் ஒண்ணுதான் கேப்பாங்க. என்னால முடியலேன்னா என்ன ஆகும்னு. நான் இந்தக் கதையச் சொல்லுவேன். நீங்க வாயைத் தொறந்தா போதும், மத்ததை வேற ஒருத்தர் பாத்துக்குவார்னு. போன செவ்வாக்கிழமைகூட ஒரு அம்மாவுக்குச் சொன்னேன். சிரிச்சாங்க. அன்னைக்குச் சாயங்காலம் போயிட்டாங்க."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செவியார் மட்டும் துடைக்கவில்லை. அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது.

"ஐயா சொல்றது சரிதான்" என்றார் செவியார். "மைக்குக்கு இடப்பக்கம், பின்னாடி அஞ்சாறு அடி. கல்லுல பட்டு வருது குரல். மூணு வருஷமா சொல்லிட்டிருக்கேன், இந்தக் குழுவுல ஒருத்தரும் காதுல போட்டுக்கல."

"ஆமா, அங்க ஒரு தூண் இருந்துச்சு" என்றார் அண்ணன்.

"பல்லுக்காரரே, நீங்களும் அன்னைக்கு அங்க இருந்தவர்தானே? அந்தத் தூணுக்குப் பின்னாடி யாரு நின்னா?"

இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் அமையாது. கேள்வியே தட்டில் வைத்து நீட்டப்பட்டுவிட்டது. ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. தொடையில் விரல் கிட்டத்தட்ட எலும்புவரை இறங்கிவிட்டது. பல்லுக்காரர் நாற்பத்து மூன்று வருடக் கோபத்தைத் தனக்குள் தேடிப் பார்த்தார். வைத்த இடத்தில் அது இல்லை. திருடன் என்று நினைத்திருந்த ஆள், தம்பி பயந்துவிடக் கூடாதே என்று பொத்திவைத்திருக்கிறார். திரையில் அண்ணன் அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். வெறும் ஆவலோடுதான் காத்திருந்தார், பயமே இல்லை. அதைப் பார்த்ததும் பல்லுக்காரருக்கு அழுகை முட்டியது.

"யாரும் நிக்கல" என்றார். "அந்தத் தூண் சுவரை ஒட்டி இருக்கும். பின்னாடி ஒரு ஆள் நிக்க எடமே கெடையாது."

"அப்படியா? என் காது தப்பாது."

"எடம் இல்லங்க. நான் அங்கதானே வளந்தேன்."

செவியார் காகிதத்தைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, எதையோ அடித்து எழுதினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை போனதும் கைப்பேசி சாய்ந்து மறுபடி நெற்றி மட்டும் தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு மனைவி விரலை எடுத்தாள்.  திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

அவர் குடித்து முடிப்பதற்குள் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"டேய், உன் குழுக்காரங்க நல்ல மனுஷங்கடா."

"ஆமாண்ணே."

"இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தர் விசாரிச்சுப் பாத்து, பின்னாடி யாரும் இல்லன்னு ஆச்சு பாரு. மனசு நெறைஞ்சுபோச்சு." அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டார். "ஆமா, நீயும் அந்தக் காலத்துல நம்ம பாட்டுக் குழுவுல ரெண்டு மூணு வருஷம் இருந்தேல்ல? உன் குரல் எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரல. தனியா கேட்டதே இல்லபோல. நல்லா பாடுவியா?"

மனைவி வெடுக்கென்று திரும்பிப் பார்த்தாள்.

"சுமாரா பாடுவேண்ணே" என்றார் பல்லுக்காரர்.

"பரவால்லடா" என்று அண்ணன் ஆறுதலாகச் சொன்னார். "எல்லாருக்கும் அது அமையாது."

"ஆமாண்ணே" என்றார் அவர்.